113-க்கும் 115-க்கும் நடுவில்

பார்வையாளர் அறையில் எங்களை உட்காரச் சொன்னபோது மணி பத்து. இப்போது இரண்டே கால். அதற்குள் நானும் நாகம்மை ஆச்சியும் ஆளுக்கு நான்கு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டோம். எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த ஒரே நாதஸ்வர இசையை முப்பது தடவையாவது கேட்டிருப்போம். வெளியே போகலாமா என்று வாட்ச்மேனிடம் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் ஐந்தரைக்கு என்றார்.

வந்த வேலை என்னவோ அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தேவகோட்டையில் பெண் கொடுக்கப் போகிற ஒரு குடும்பம், மாப்பிள்ளையின் எம்.எஸ்சி. சான்றிதழைச் சரிபார்த்து வரச் சொல்லியிருந்தது. மாப்பிள்ளை இந்த மருதங்குடிப் பல்கலைக்கழகத்தில் படித்தது உண்மை. பாஸ் செய்ததுதான் உண்மையில்லை. கிளம்பலாம் என்று வந்து பார்த்தால் கேட் பூட்டிக் கிடக்கிறது. தரச்சான்று கொடுக்க டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வந்திருக்கிறதாம். அவர்கள் போகும்வரை ஒரு ஈ உள்ளே வரக்கூடாது, ஒரு ஈ வெளியே போகக்கூடாது என்று பதிவாளர் உத்தரவு.

ஆச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆச்சி என்பது எங்கள் பக்கத்து மரியாதை, வயது நாற்பத்தாறுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினெட்டு வருஷம் ஊர் ஊராகப் போய் விசாரணை செய்தவர். தானாக எரிந்த கடைக்கும் எரிக்கப்பட்ட கடைக்கும் சாம்பலிலேயே வித்தியாசம் சொல்வார். இப்போது காரைக்குடி கல்லுக்கட்டியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் பாண்டிமுருகன். கார் ஓட்டுவதும் போட்டோ எடுப்பதும் என் வேலை, திட்டு வாங்குவதும் அதில் சேர்த்தி.

"ஆச்சி, ஜெயில்ல கூட இந்நேரம் சோறு போட்டிருப்பாக" என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. எதிர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் ஒரு டிபன் பை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னல் வரை போவார், வருவார், உட்காருவார். ஆச்சி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெயர் செம்மலை, குன்றக்குடிப் பக்கம் விவசாயம். மகள் தேவிகா இங்கே தாவரவியலில் பிஎச்.டி. செய்கிறாள், கண்மாய்ச் செடிகளைப் பற்றி. ஏழு வருஷம் ஆகிவிட்டது. கொடுத்த நீட்டிப்பெல்லாம் முடிந்து, இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் குப்பை. ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளையும் அப்பாவும் மகளும் காலை ஒன்பது மணிக்கு டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். இவரை இங்கே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை.

போன் அடித்தால் எடுக்கவில்லை. மத்தியானம் துறைக் கட்டடத்துக்கே போய் அங்கே இருந்தவரிடம் கேட்டார், பார்க்கவில்லை என்றுவிட்டார். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டதற்கு, படிப்பு முடியாத பயத்தில் எங்காவது போயிருக்கும், இல்லை யாரோடாவது போயிருக்கும் என்று ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது பெரியவர் டிபன் பையின் கைப்பிடியை முறுக்கினார்.

"எம்மக ஓடுற புள்ள இல்ல ஆச்சி. ஓடுறதுன்னா இந்த ஏழு வருசத்துல எப்பவோ ஓடியிருப்பா."

ஆச்சி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. "எந்திரிங்கய்யா" என்றார். என்னைப் பார்த்து, பெரியவரின் டிபன் பையை வாங்கிக்கொள் என்று ஜாடை காட்டினார். வெளி கேட்டுக்குத்தான் தடை, உள்ளே நடக்கத் தடையில்லை என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

வளாகம் அன்றைக்குக் கல்யாண வீடு போலத்தான் இருந்தது, கல்யாணக் களைதான் இல்லை. மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பும் காவியும் அடித்திருந்தார்கள். வழி நெடுக பூந்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் வாடகைக்குக் கொடுத்த நர்சரியின் ஸ்டிக்கர். நூலக வாசலில் சாய்தளத்தின் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது, அதில் ஒரு நாய் நடந்து போயிருந்தது. புதிதாக வைத்த குடிநீர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். பின்னால் குழாயே இல்லை. மாணவர்களை வகுப்புக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருந்ததால் ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற இடத்தில் ஒரு பேச்சுக்குரல் இல்லை. நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் மட்டும் போட்டி போட்டுக்கொண்டு கத்தின.

ஆய்வேடுகள் வாங்குகிற ஆய்வுப் பிரிவில் சௌபர்ணிகா என்ற பெண் கவுண்டரில் இருந்தாள். தேவிகா வந்ததை அவள் ஒப்புக்கொண்டாள். காலையில் முதல் ஆளாக வந்தாளாம். சரிபார்ப்புத் தாளை எடுத்துக் காட்டினாள். பதினான்கு இணைப்புகளில் பதிமூன்றுக்கு டிக் விழுந்திருந்தது. முதல் வருஷ வருகைச் சான்று மட்டும் இல்லை. பழைய வருகைப் பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்தால் ஐந்து மணிவரை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள். ஆய்வேட்டுப் பிரதிகள் ஐந்தும் அவள் மேஜைக்கு அடியிலேயே இருந்தன.

வெளியே வந்ததும், பதிமூன்று டிக் வாங்கினவள் பதினாலாவதுக்குப் பயந்து ஓடமாட்டாள் என்றார் ஆச்சி. பெரியவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

தாவரவியல் துறை மூன்றாவது கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. தேவிகாவின் நெறியாளர் காசிவிஸ்வநாதன் கோட்டும் டையும் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். குழு நான்கரைக்கு இந்தக் கட்டடத்துக்கு வருகிறது, இப்போது பேச நேரமில்லை என்றார். தேவிகாவை அவர் காலையிலிருந்து பார்க்கவில்லை. பழைய பதிவேடுகள் 114-ஆம் அறையில் இருந்தன, ஆனால் அந்த அறையைப் போன வாரமே காலி செய்து எல்லாவற்றையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டதாகக் கட்டடப் பொறுப்பாளர் முத்துக்கண்ணன் சொல்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று நெறியாளர் கையை விரித்தார். தேவிகாவின் பையும் போனும் எதிரே கணினி ஆய்வகத்தில் சார்ஜரோடு கிடப்பதை அவர்தான் காட்டினார். போனில் அப்பாவின் அழைப்பு மட்டும் முப்பத்தெட்டு.

"போனை விட்டுட்டுப் போயிருக்குன்னா..." என்று ஆரம்பித்தவர், பெரியவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆய்வக வாசலில் செருப்பு வைக்கப் புதிதாக ஒரு ஸ்டாண்ட் இருந்தது. உள்ளே ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் ஸ்டாண்டில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு இருந்தது. செம்மலை குனிந்து அதைக் கையில் எடுத்தார். இடது வார் அறுந்து ஆரஞ்சு நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது. நேற்று ராத்திரி தான் தைத்ததுதான் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சித்திரை மாசம், காரைக்குடி தார் ரோடு. செருப்பில்லாம இந்தா இருக்கிற கேன்டீனுக்கே போக முடியாது. இதுல ஓடிப்போச்சாம்ல."

"இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே" என்றார் ஆச்சி. "புள்ள இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகல, பாண்டி."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பதரையிலிருந்து ஒரு பெண் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறாள், யார் கண்ணிலும் படவில்லை என்றால் அதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பெரியவருக்கும் அதே எண்ணம்தான் ஓடியிருக்கும். செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பெருக்குகிற காளீஸ்வரி அந்தப் பக்கம் வந்தாள். தாழ்வாரத்தில் செருப்பு சிதறிக் கிடந்தால் குழுவுக்கு அசிங்கமாகத் தெரியும், எங்கே கண்டாலும் பொறுக்கி ஸ்டாண்டில் வை என்று அவளுக்குக் காலையில் உத்தரவு. பத்து மணிக்கு முன்னாலேயே நான்கு தாழ்வாரத்திலும் பொறுக்கி ஒரு சாக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மற்றவர்கள் தேடி வந்து எடுத்துக்கொண்டார்கள், இந்த ஒரு ஜோடிதான் கிடக்கிறது. எந்த வாசலில் எடுத்தது என்று அவளுக்கு நினைவில்லை.

மணி நான்கு பத்து. ஆச்சி என்னை 114-ஐப் பார்த்துவரச் சொன்னார். போனேன், திரும்பி வந்தேன். "அப்படி ஒரு ரூமே இல்ல ஆச்சி. 113 இருக்கு, 115 இருக்கு. நடுவுல யுனிவர்சிட்டி இருக்கு."

அவர் என்னை முறைத்துவிட்டுக் கூடவே வந்தார். நான் சொன்னதில் பொய்யில்லை. 113-க்கும் 115-க்கும் நடுவே, தரையிலிருந்து விட்டம் வரை மரச்சட்டத்தில் அடித்த ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. மேலே 'நமது வளாகம் ஒரு பார்வை' என்று எழுதியிருந்தது. ட்ரோனில் எடுத்த படம். நூலகம், அறிவியல் கட்டடங்கள், ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, தொலைநிலைக் கல்வி, விளையாட்டு மைதானம், நடுவில் ஊருணி. மழைக்காலத்தில் எடுத்திருப்பார்கள், ஊருணி நிறையத் தண்ணீர். முன்னால் ஒரு மேஜையில் வெள்ளித் தட்டு, அதில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல். ஓரத்தில் ஒரு ஆளுயர ஸ்பீக்கர். காலையிலிருந்து எங்களை வதைத்த நாதஸ்வரம் இதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஸ்பீக்கர் பக்கத்தில் பட்டுச் சேலையில் பன்னீர்ச் செம்போடு ஒரு மாணவி நின்றாள். பெயர் தீக்ஷா என்றாள். ஆச்சி அவளிடம் என்னவோ கேட்டார், நாதஸ்வரத்தில் எனக்குக் காதில் விழவில்லை.

அதற்குள் முத்துக்கண்ணன் வேகமாக வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து. குழு வருகிற நேரத்தில் வெளியாட்கள் இங்கே நிற்கக்கூடாது, தயவுசெய்து போங்கள் என்று கும்பிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஃபிளெக்ஸுக்குப் பின்னால் என்ன என்று ஆச்சி கேட்டார். பழைய ரெக்கார்டு ரூம், காலியாகக் கிடக்கிறது என்றார் அவர். காலி அறையை எதற்கு மறைக்க வேண்டும் என்று ஆச்சி கேட்டதற்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிடங்கு நிறைந்துவிட்டது, நாலு துறையின் உடைந்த நாற்காலி பீரோ எல்லாம் ஜன்னலே மறைகிற அளவுக்கு அதில்தான் போட்டிருக்கிறது, குழு பார்த்தால் மார்க் போய்விடும் என்றார். எல்லா ஆய்விலும் செய்கிற வேலைதானாம்.

"பூட்டும்போது உள்ள யாரும் இல்லன்னு பாத்தீகளா?" என்றார் ஆச்சி.

"பாக்காமயா ஆச்சி. அந்த ரூம்ல சரஸ்வதி படம் இருக்கு, யாரும் செருப்போட உள்ள போக மாட்டாக. வாசல்ல செருப்பு கெடக்கல. பூட்டிட்டேன்."

சொல்லி முடித்தபோதுதான் அவர் செம்மலையின் கையைப் பார்த்தார். கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது.

அவள் முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். இன்னொருத்தி முறையாக அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். இவர் முறையாக வாசலைப் பார்த்துப் பூட்டியிருக்கிறார். பிறகு நாலு பேர் முறையாக வந்து கதவின்மேல் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். குற்றவாளி என்று யாரையும் பிடித்து உலுக்க முடியாத ஒரு கேஸ் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

ஆச்சி அப்படி நினைக்கவில்லை. "இந்த ஸ்பீக்கர் காலைல எங்கே இருந்துச்சு?" என்று முத்துக்கண்ணனிடம் கேட்டார்.

அவர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஆச்சியே சொன்னார். தீக்ஷாவிடம் அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். ஸ்பீக்கர் கட்டட வாசலில், குழு வந்து இறங்குகிற இடத்தில்தான் இருந்தது. பதினொன்றரை மணிக்கு முத்துக்கண்ணன் தனியாளாக அதை இழுத்துவந்து இங்கே வைத்து, சத்தத்தையும் கூட்டிவிட்டார். குழு அப்போது வேறு கட்டடத்தில் இருந்தது. வராத குழுவுக்கு எதற்கு இங்கே நாதஸ்வரம் என்று அந்தப் பெண்ணுக்கே சந்தேகமாம்.

"யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நெனச்ச சத்தம் எது?" என்றார் ஆச்சி.

செம்மலை மெதுவாக முத்துக்கண்ணனுக்கு முன்னால் வந்து நின்றார். "மத்தியானம் ஒங்ககிட்டதானே வந்து கேட்டேன். எம்மகளப் பாத்தீகளான்னு. பாக்கலன்னு சொன்னீகளே."

முத்துக்கண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். பதினான்கு வருஷம் தற்காலிகப் பணியாம். நிரந்தர ஆணைக்கான கோப்பு பதிவாளர் மேஜையில் இருக்கிறதாம், குழு போனதும் கையெழுத்தாம். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது, ஐந்தரைக்கு அவர்கள் கிளம்பியதும் நானே திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன் என்றார். ஐந்து மணிக் கெடு பற்றி அவருக்குத் தெரியாதாம். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அடிக்கக் கை வராமலும் இருந்தது.

ஆச்சி குனிந்து ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினார்.

தாழ்வாரம் சட்டென்று அமைதியானது. தூரத்தில் ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. நாங்கள் எல்லோரும் ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலை அடைத்து பீரோக்கள் நிற்கிற அறை, மின்விசிறி கிடையாது, சித்திரை வெயில், ஆறரை மணி நேரம். நான் மனசுக்குள் கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. செம்மலை ஃபிளெக்ஸில் வாயை வைத்து மகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"தாயி, அப்பா வந்திருக்கேன்."

கீழே, தரையை ஒட்டி, கதவில் ஒரு தட்டு கேட்டது. ஒரே ஒரு தட்டு.

நான் வெள்ளித் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஃபிளெக்ஸில் குத்தினேன். பெண்கள் விடுதியில் ஆரம்பித்து ஊருணி வழியாக நிர்வாகக் கட்டடம் வரை ஒரே கிழி. பின்னால் கதவு, அதில் பெரிய பூட்டு. சாவியைக் காலையிலேயே பதிவாளர் வாங்கிக்கொண்டார், ஐந்தரைக்குத்தான் கொடுப்பார் என்று முத்துக்கண்ணன் முனகினார். சுவரில் அன்றைக்குத்தான் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைக் கழற்றி நாதாங்கியில் நாலு போடு போட்டேன். அந்தச் சிலிண்டர் அதற்காவது உதவியது.

கடைசி அடி விழுகிற நேரம் பார்த்துக் குழு தாழ்வாரத்தில் திரும்பியது. முன்னால் பதிவாளர், பின்னால் ஐந்து பேர், எல்லோருக்கும் பின்னால் காசிவிஸ்வநாதன். பதிவாளரின் முகம் போன நிறத்துக்குப் பெயர் எனக்குத் தெரியாது. குழுத் தலைவர் ஒரு வயதான அம்மாள். கிழிந்து தொங்குகிற படத்தைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆச்சி ஆங்கிலத்திலேயே நிதானமாகப் பதில் சொன்னார். இதுவும் உங்கள் வளாகத்தில் ஒரு அறைதான் மேடம், படத்தில் விட்டுப்போயிருக்கிறது.

கதவைத் தள்ளினோம். வெக்கை முகத்தில் அடித்தது. உடைந்த நாற்காலிக் குவியலுக்கு இந்தப் பக்கம், கதவோரத் தரையில் தேவிகா உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் தூசி, அதில் வியர்வை இறங்கிய கோடு. இரண்டு கையின் மூட்டுகளும் தோல் உரிந்திருந்தன. மடியில் நீல அட்டை போட்ட வருகைப் பதிவேடு இருந்தது. அவள் அழவில்லை.

"மணி என்னப்பா?" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

நான்கு முப்பத்தெட்டு. குழுத் தலைவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தேவிகா எழுந்து நின்றபடியே முழுதும் குடித்தாள். காசிவிஸ்வநாதன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பதிவேட்டின் பக்கத்தை நகல் எடுக்க அவரே ஓடினார். சான்றில் கையெழுத்துப் போட இடம் தேடியபோது என் முதுகைக் கொடுத்தேன். பிறகு எல்லோரும் ஓடினோம். செருப்பைப் போட்டுக்கொள் என்று அப்பா பின்னாலேயே நீட்டிக்கொண்டு வந்தார், அவள் வாங்கவில்லை. சௌபர்ணிகா பதினாலாவது டிக்கைப் போட்டு முத்திரையை அழுத்தியபோது ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

செம்மலை கவுண்டருக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேட் திறக்க இன்னும் நேரம் இருந்தது. பையையும் போனையும் எடுக்கத் தேவிகா துறைக்குத் திரும்பி நடந்தாள், நாங்களும் கூடப் போனோம். வேண்டுமானால் எழுதிக் கொடு, நான் சாட்சி சொல்கிறேன் என்று வழியில் ஆச்சி சொன்னார். அவள் தன் கை மூட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தாழ்வாரத்தில் குழு இல்லை, பதிவாளர் இல்லை. முத்துக்கண்ணன் மட்டும் கிழிந்த ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தேவிகாவைப் பார்த்ததும் கையைக் கூப்பினார். அவள் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் தட்டுனது கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சும்மா."

"ஒரு மணி வரைக்கும் தட்டுனேன். அதுக்கு மேல முடியல. தட்டுறது நின்னுச்சே, அப்போ என்ன நெனச்சீக?"

அவர் கூப்பிய கையை இறக்கினார். பொய் சொல்லியிருக்கலாம். பயந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம், நாங்களும் நம்பியிருப்போம்.

"நிம்மதியா இருந்துச்சும்மா" என்றார்.

தேவிகா சரி என்று தலையாட்டினாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா நீட்டிய செருப்பை இப்போது வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஐந்தரைக்குக் கேட் திறந்தது.